ஆடியைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொழில்

கல்யாண போட்டோ எடுக்க வருகிறவர்கள் தையில் வருகிறார்கள், ஆடியில் போய்விடுகிறார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக மதுரையில் நான் பார்த்துவருவது இதைத்தான். தை பிறந்ததும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வேலை இருக்கும், கையில் காசு புழங்கும், தவணை போட்டுப் புது லென்ஸ் வாங்குவார்கள். ஆனி முடிந்ததும் போன் அடங்கிவிடும். தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். ஆவணி பிறக்கும்போது பாதிப் பேர் கேமராவை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்களில் என்னைவிட நன்றாகப் படம் எடுத்தவர்களும் உண்டு. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

நான் இருப்பது திருநகரில். 2009-ல் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம், கல்யாணப் படங்களை அச்சடிக்கிற ஒரு லேபில் ஆல்பம் டிசைனராகச் சேர்ந்தேன். ஐந்து வருஷம் மற்றவர்கள் எடுத்த படங்களை 12-க்கு 36 அங்குல ஷீட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். யார் எங்கே நின்றதால் தாலி கட்டு மறைந்தது, எந்த வீட்டில் யாருடைய முகம் விட்டுப்போனதால் சண்டை வந்தது என்பதெல்லாம் அந்த மேஜையில் உட்கார்ந்தே தெரிந்துகொண்டது. 2014-ல் சொந்தக் கேமரா வாங்கித் தனியாக இறங்கினேன். இப்போது இறங்க நினைக்கிற தம்பி, தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காலண்டர், பிறகு கேமரா

ஜனவரி, பிப்ரவரி என்று வருஷத்தைப் பிரித்தால் இந்தத் தொழிலில் கணக்கு நிற்காது. தை, மாசி, வைகாசி, ஆனி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை என்று ஏழு மாசம் கல்யாண மாசம். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் பெரும்பாலான இந்து வீடுகளில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பங்குனியும் சித்திரையும் வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே பன்னிரண்டு மாச வீட்டுச் செலவை ஏழு மாசம் சம்பாதித்துத் தர வேண்டும். எடுத்த எடுப்பில் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு மாசம் 25,000 ரூபாய் வேண்டும் என்றால் வருஷத்துக்கு 3,00,000. அதை ஏழால் வகுத்தால் கல்யாண மாசம் ஒவ்வொன்றிலும் செலவு போக 43,000 ரூபாயாவது கையில் நிற்க வேண்டும். நான் ஒவ்வொரு கல்யாணக் காசிலும் ஐந்தில் ஒரு பங்கை வேறு வங்கிக் கணக்கில் போட்டுவிடுவேன். வீட்டில் அதற்கு ‘ஆடிக் கணக்கு’ என்று பெயர். மகளின் பள்ளிக்கூடப் பணத்துக்குக்கூட அதைத் தொட்டதில்லை.

லென்ஸை முதல் இரண்டு வருஷம் வாடகைக்கு எடுங்கள். ஒரே லென்ஸை வருஷத்தில் பதினைந்து தடவை வாடகைக்கு எடுத்தீர்கள் என்றால் அப்போது வாங்கலாம்.

மார்கழியில் நகைக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் தருகிற தினசரி காலண்டரின் அட்டையிலோ பின்பக்கத்திலோ வருஷத்து முகூர்த்த நாள் மொத்தமும் இருக்கும். வளர்பிறைக்குச் சிவப்பு, தேய்பிறைக்கு நீலம் என்று வட்டம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் வளர்பிறையும் சேர்ந்து வந்தால் இரட்டை வட்டம். அந்த நாளில் மதுரையில் மண்டபம், சமையல், மேளம், மேக்கப் எதுவும் கிடைக்காது. உங்களுக்கு இரண்டாவது கேமரா பிடிக்கிற பையனும் கிடைக்க மாட்டான். அதனால் வாடிக்கையாளர் வரும் முன்பே இரட்டை வட்ட நாட்களுக்கு அவனைப் பேசி வைத்துவிடுவேன். வேலை வராவிட்டால் அரை நாள் சம்பளம் கொடுத்துவிடுவேன். அது நஷ்டம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஒரே சமூகத்துக் கல்யாணம் மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் வருஷத்தில் நாலைந்து மாசம் வெறும் மாசமாகப் போகிறது. நிக்காஹுக்கு ஆடியும் மார்கழியும் கணக்கில்லை. அங்கே ரம்ஜான் நோன்பு மாசத்தைப் பார்ப்பார்கள், அதுவும் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். கிறிஸ்தவ வீடுகளில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தையும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தையும் தவிர்ப்பார்கள். மூன்று கணக்கையும் ஒரே காலண்டரில் குறித்துப் பாருங்கள், காலி இடம் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். முறை தெரியாமல் மட்டும் போகாதீர்கள். நிக்காஹில் பெண் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம் இருப்பார்கள். பெண்கள் பக்கம் எடுக்கப் பெண் போட்டோகிராபர் வேண்டும் என்று கேட்பார்கள். சர்ச்சில் திருப்பலியின்போது எங்கே நிற்கலாம், ஃபிளாஷ் அடிக்கலாமா என்று பாதிரியாரிடம் முந்தின நாளே கேட்டுவிட வேண்டும்.

முகூர்த்த நாள்

மண்டபத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே போய்விடுங்கள். மேடையில் இப்போது பூ அலங்காரத்தோடு எல்இடி வால் (சுவர் மாதிரிப் பெரிய விளக்குத் திரை) வைக்கிறார்கள், வர்ண விளக்கு வைக்கிறார்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50, 1/100 நொடி என்று வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழாது. எல்இடி வாலின் துடிப்பு வேறு மாதிரி இருக்கும், அதை எடுத்துப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை மேடைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரு கல்யாணம் முழுக்கக் கோடு கோடாக வந்த படங்களை லேபில் இருந்தபோது கையில் வாங்கியிருக்கிறேன். அதைச் சரிசெய்ய என்னால் முடியவில்லை.

காலையில் முதலில் தேட வேண்டிய ஆள் தவில்காரர். ஐயர் கையை உயர்த்தி ‘கெட்டிமேளம்’ என்று சைகை காட்டுவதை அவர்தான் முதலில் பார்ப்பார். அவர் குச்சியை இறுக்கிப் பிடித்தால் உங்கள் விரல் ஷட்டரில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து மேடையைச் சூழ்ந்துகொள்வார்கள், கையில் ஆளுக்கொரு செல்போன் இருக்கும். அவர்களைத் தள்ளக் கூடாது. அது அவர்கள் வீட்டுக் கல்யாணம். நான் முன்கூட்டியே மாப்பிள்ளையின் அக்காவிடம் போய், “மதினி, தாலி கட்டுற நேரத்துல எனக்கு இந்த ஒத்தக் கல்லு அளவு இடம் மட்டும் பிடிச்சு வச்சிருங்க” என்று சொல்லிவிடுவேன். அவர்தான் நாத்தனார், பல வீடுகளில் மூன்றாவது முடிச்சைப் போடுவதும் அவர்தான். அவர் சொன்னால் கூட்டம் ஒதுங்கும். நான் முட்டிபோட்டு உட்கார்ந்துகொள்வேன், பின்னால் இருப்பவர்களுக்கும் தெரியும். அட்சதை லென்ஸில் வந்து அடிக்கும், லென்ஸ் முனையில் மாட்டுகிற ஹூட் போடாமல் இருக்காதீர்கள்.

வெளிச்சக் கணக்கில் நம் ஊருக்கென்று ஒன்று உண்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுத்த முகம். ஃபிரேம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா அதைக் குறைக்கப் பார்க்கும், முகம் இருண்டுபோகும். முகத்தை மட்டும் ஸ்பாட் மீட்டரில் (ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிற முறை) அளந்தால் கறுத்த முகத்தைச் சாம்பலாக்கி வெளுக்கப் பார்க்கும். ஸ்பாட்டில் அளந்துவிட்டு வெளிச்சத்தை அரையிலிருந்து முக்கால் ஸ்டாப் வரை குறைத்து வையுங்கள். முகத்தின் நிறம் முகத்தின் நிறமாகவே வரும். “கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்க” என்று கேட்கிற வீடுகள் இருக்கின்றன. நான் செய்வதில்லை. பெண்ணின் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திரையில் இரண்டு படத்தையும் காட்டி, “இதுல எது உங்க மக?” என்று கேட்பேன். இதுவரை ஒரு அம்மாகூட வெளுத்த படத்தைக் காட்டியதில்லை.

மேக்கப் போடுகிற பெண்ணோடு நல்ல பேச்சு இருக்கட்டும். முகத்துக்கு ஒரு நிறம், கழுத்துக்கும் கைக்கும் ஒரு நிறம் என்று போட்டுவிட்டால் எந்த ஆல்பம் டிசைனராலும் காப்பாற்ற முடியாது. அவர் தொடங்கும் முன்பே கையையும் பார்த்துப் போடச் சொல்லுங்கள். பெண்ணின் அறைக்குள் போகும் முன் கதவைத் தட்டிக் குரல் கொடுங்கள். புடவை கட்டி முடிக்கும் வரை கேமரா பைக்குள் இருக்க வேண்டும். பெண்ணாக இருந்தும் நான் இதை மாற்றியதில்லை. பூ வைத்ததும் ஜடையை எடுத்துவிடுங்கள். காலையில் மல்லி மொட்டாக இருக்கும், வரிசை வரிசையாக ஒழுங்காக நிற்கும். ராத்திரி ரிசப்ஷனில் மலர்ந்துவிடும். அது வேறு அழகு, வேறு படம். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை நம் படத்தில் வெள்ளைப் பொட்டலமாகக் கரைந்துபோகாமல் ஒவ்வொரு மொட்டும் தெரியும்படி எடுக்க வேண்டும்.

மேடையில் வரிசையாக வந்து மொய்க் கவர் கொடுத்து நிற்பவர்களை எடுப்பதை ‘டிரெடிஷனல்’ வேலை என்று புதுப் பிள்ளைகள் தட்டிக்கழிக்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு கிடையாது. நாலு பஸ் மாறி வந்து, செய்முறை செய்து, அரை நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறவருக்கு அந்தக் கல்யாணத்தில் இருக்கிற ஒரே படம் அதுதான். லென்ஸ் துவாரத்தின் எண்ணில் எஃப் 5.6-க்குக் கீழே இறங்காதீர்கள், பின்வரிசை மங்கிவிடும். குழந்தைகள் கண்ணை மூடுவார்கள் என்பதால் மூன்று மூன்றாக எடுங்கள்.

முக்கியமானவர்களின் பட்டியலை வீட்டின் தலைவரிடம் கேட்டால் கிடைக்காது. அவர் பந்தலையும் பந்தியையும் நினைத்துக்கொண்டிருப்பார். அத்தை ஒருவரைப் பிடியுங்கள். பங்காளி யார், சம்பந்தி யார், யாரோடு யாருக்குப் பேச்சு இல்லை என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும். தாய்மாமனை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன், உசிலம்பட்டிப் பக்கம். மேளதாளத்தோடு சீர் வந்தது. தட்டுகளையும் வெடியையும் கூட்டத்தையும் எடுத்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நடந்து வந்த மாமனின் முகத்தை எடுக்கவில்லை. மடியில் குழந்தையை வைத்திருந்தபோதும் காது குத்துகிறவரின் தோள் மறைத்துவிட்டது. ஆல்பம் கொடுத்த அன்று அந்தக் குழந்தையின் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. “எங்கண்ணன் கடன் வாங்கிச் சீர் கொண்டாந்துச்சுக்கா” என்று மட்டும் சொன்னது. அதற்குப் பிறகு சீர் வாசலை நெருங்கும்போதே ஓடிப்போய் முதலில் மாமனின் முகத்தைத்தான் எடுக்கிறேன்.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். 2015 வைகாசியில் ஒரே காலையில் இரண்டு கல்யாணம் ஒத்துக்கொண்டேன். ஒன்று ஆறு மணி முகூர்த்தம், திருப்பரங்குன்றம் கோயிலில். முருகன் தெய்வானையை மணந்த இடம் என்பதால் நல்ல முகூர்த்தத்தில் அங்கே மாலையும் கழுத்துமாக ஜோடிகள் அடுத்தடுத்து நிற்கும். இன்னொன்று திருமங்கலத்தில் ஒன்பது மணிக்கு. இடையில் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை, முடியும் என்று நினைத்தேன். கோயிலில் கூட்டத்தால் தாமதம், வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. தாலி கட்டுக்குப் போய்விட்டேன். மாலை மாற்றியது, பெண்ணின் அப்பா தாரை வார்த்தது இரண்டும் முடிந்துவிட்டது. தாரை வார்க்கும்போது அந்த அப்பா அழுதாராம். அந்தப் படம் உலகத்தில் இல்லை. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு காலைக்கு ஒரு தாலி என்பது அன்றைக்கு எடுத்த முடிவு.

கார்டு இரண்டு போடுகிற கேமராவாக வாங்குங்கள், இரண்டிலும் ஒரே படம் பதியட்டும். வீட்டுக்கு வந்து சாப்பிடும் முன் ஒரு ஹார்ட்டிஸ்க், தூங்கும் முன் இன்னொன்று. ஒன்றை அக்கா வீட்டில் கொண்டுபோய் வைக்கிறேன். ஆல்பம் அவர்கள் கைக்குப் போகும் வரை கார்டை அழிப்பதில்லை.

காகிதம்

வாய்ப்பேச்சில் வேலை ஒத்துக்கொள்ளாதீர்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் நிச்சயமாக எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை ஷீட், எப்போது கிடைக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ரிசப்ஷன் முடிந்தால் திரும்பி வர வண்டிச் செலவு யாருடையது, எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். பணத்தை நான் நாலாகப் பிரிக்கிறேன். தேதி பிடிக்கும்போது கால் பங்கு, முந்தின நாள் பாதி. மிச்சத்தில் பாதியைக் கல்யாணத்தன்று மத்தியானம் மொய் எழுதி முடிந்ததும் வாங்கிவிடுவேன். நம் பக்கம் கையில் ரொக்கம் இருக்கிற நேரம் அது, கேட்பதில் தப்பில்லை. கடைசிப் பங்கு ஆல்பம் கொடுக்கும்போது.

ஒரு சட்ட விஷயம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை. நான் எடுத்த படம்தானே என்று இன்ஸ்டாகிராமில் போட்டுவிட முடியாது. எந்தப் படங்களை நான் காட்டலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சடங்கு வீட்டுப் படங்களைக் கையெழுத்து கொடுத்தாலும் போட மாட்டேன். பன்னிரண்டு, பதிமூன்று வயசுப் பிள்ளை. அது வளர்ந்து என்ன நினைக்கும் என்று அதனிடம் இப்போது கேட்க முடியாது.

செலவு கழிக்காத வருஷ மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். ஹெலிகேம் (ட்ரோன் கேமரா) வைத்திருப்பவர்கள், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது. அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் விமான நிலையம் இருக்கிறது.

புரட்டாசியில் அப்பத்தாக்கள்

லேபில் வேலை பார்த்த காலத்தில் மாசத்துக்கு நாலைந்து பேராவது வருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்கும்போதே தெரிந்துவிடும். அம்மா இறந்துபோயிருப்பார், அல்லது அப்பா. ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டருக்கு முகம் வேண்டும். கையில் ஏதாவது கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ இருக்கும். மூன்றாவது வரிசையில், யாருடைய தோளுக்கோ பின்னால் பாதி முகம். பந்தியில் இலைக்குக் குனிந்திருக்கிற முகத்தைக்கூட வெட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எழுபது வருஷம் வாழ்ந்தவருக்கு நேராகப் பார்க்கிற ஒரு படம் இல்லை. மதுரைச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிற அந்தப் போஸ்டர்களை நின்று பாருங்கள், எத்தனை முகங்கள் இப்படி வெட்டி எடுத்தவை என்பது தெரியும்.

அதனால் நான் போகிற ஒவ்வொரு கல்யாணத்திலும் இரண்டு வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரையும் தனித்தனியாக ஒரு படம் எடுக்கிறேன். இதற்குத் தனிக் காசு கிடையாது. மண்டபத்தின் பக்கவாட்டு வாசல் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெயில் நேராக விழாத வாசலாக இருக்க வேண்டும். 85 எம்எம், எஃப் 4, ஃபிளாஷ் வேண்டாம். கேமராவைக் கண் உயரத்துக்கு இறக்கி, நானும் உட்கார்ந்துகொள்வேன்.

“அப்பத்தா, உங்கள மட்டும் ஒண்ணு எடுத்துக்கிறவா?”

“எனக்கெதுக்குத்தா? பொண்ணு மாப்பிள்ளைய எடு.”

“பேரன் கேட்டாருப்பத்தா. தண்டட்டியோட வேணுமாம்.”

தண்டட்டி என்றதும் கை தானாகக் காதுக்குப் போகும். எந்த ஊரில் செய்தது, யார் போட்டுவிட்டது என்று பேச்சு வரும். பேசி முடித்து மூச்சு வாங்குகிற அந்த இடத்தில் எடுங்கள். “சிரிங்க” என்று சொல்லாதீர்கள். பல் இல்லாதவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், அது அவர்கள் முகமாக இருக்காது. பேத்தி கட்டிவிட்ட பட்டு உறுத்துகிறது என்று நெளிகிறவர்களை அன்று விட்டுவிட்டு வீட்டுக்கே போய் எடுப்பேன். சுங்குடிச் சேலையில் அவர்கள் உட்காருகிற உட்கார்கையே வேறு. பட்டு மாதிரி மினுங்காத துணி, வெளிச்சமும் அடங்கி விழும்.

இதுதான் எனக்குப் புரட்டாசி வேலையாக வளர்ந்தது. கல்யாணத்தில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுத் தாத்தாவையும் எடுக்க வர்றீங்களா?” என்று கேட்டார்கள். திண்ணையில் உட்காரவைத்து, பின்னால் ஒரு சாம்பல் நிறப் போர்வையைக் கட்டி எடுப்பேன். 8-க்கு 12 பிரேம் போட்டு 1,500 ரூபாய். ஒரு தெருவில் ஒரு வீட்டில் எடுத்தால் நாலு வீட்டில் கூப்பிடுவார்கள். ஒருமுறை செக்கானூரணிப் பக்கம் ஒரே நாளில் பதினோரு பேரை எடுத்தேன். பெரியவர்களை ஏன் எடுக்கிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

மழையும் பனியும்

ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை. லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கிற காலம். ஈரம் புகாத ட்ரை கேபினெட் பெட்டி வாங்க முடியாவிட்டால், இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் மூன்றும் போதும். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் மூடுபனி பிடித்தாற்போல ஆகிவிடும். பத்து நிமிஷம் முன்பே ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள், துணியால் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். வைகையில் தண்ணீர் வந்தால் தரைப்பாலங்களை மூடிவிடுவார்கள், சுற்றிப் போகிற நேரத்தையும் சேர்த்துக் கிளம்புங்கள்.

மார்கழியில் கல்யாணம் இல்லை. விடியலில் கோலம் போடுகிற வாசல்களை எனக்காக எடுப்பேன். பொங்கலுக்கு முன் பிள்ளைகளை எடுக்கச் சொல்லி வீடுகளில் கூப்பிடுவார்கள், போதுமான வேலை. பனியில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறிவிடும்; தை முதல் முகூர்த்தத்தில் ஜடை மெலிந்திருந்தால் பெண் வீட்டாரிடம் அதைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம், பக்கவாட்டிலிருந்து எடுத்தால் நிறைவாகத் தெரியும்.

தையிலிருந்து ஆனிவரை

தை ஒன்று அவனியாபுரம், இரண்டு பாலமேடு, மூன்று அலங்காநல்லூர். ஜல்லிக்கட்டு நடக்கிற அந்தச் சாலைகளில் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். மாசியில் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊர் ஊராகத் திரும்பி வருவார்கள். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலில் நிற்க இடம் இருக்காது. முடியிறக்கம், காதுகுத்து என்று வேலை உண்டு; சாமிப் பெட்டியையும் சாமியாடியையும் பூசாரியைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அங்கே நாம் விருந்தாளி.

சித்திரையில் வெயிலைப் படித்துக்கொள்ளுங்கள். மதுரை கிட்டத்தட்ட பத்து டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். கண்குழி இரண்டும் கறுத்துப்போகும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். எட்டரை மணிக்கு மேல் சாயங்காலம் நாலரை வரை வெட்டவெளியில் யாரையும் நிறுத்தாதீர்கள். திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசை இதற்குக் கைகொடுக்கும். முற்றத்து வெயில் வெளிர் நிறச் சுவரில் பட்டுத் தூணுக்குப் பின்னால் மெல்லிய வெளிச்சமாக வந்து சேரும். தொழில்முறைக் கேமராவுக்குத் தொல்லியல் துறையில் முன்னனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கீழக்குயில்குடி சமணர் மலையடியில் தாமரைக் குளமும் ஆலமரங்களும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஜோடிக்கு ஜோடி இடித்துக்கொண்டு நிற்பார்கள். செவ்வாய், புதனில் விடியற்காலை போங்கள். அய்யனார் கோயில் வாசலில் செருப்புக் காலோடு போஸ் கொடுக்க வைக்காதீர்கள். மீனாட்சியம்மன் கோயிலில் 2018 தீ விபத்துக்குப் பிறகு செல்போனைக்கூட உள்ளே விடுவதில்லை. கோபுரத்தோடு படம் வேண்டும் என்றால் சித்திரை வீதியில் வெளிச்சம் வந்தவுடன் எடுத்துவிட வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் எந்த வேலையும் ஒத்துக்கொள்ள மாட்டேன், நானும் போக வேண்டும்.

வைகாசியும் ஆனியும் ஓட்டம். தண்ணீர் பாட்டில், உப்புப் போட்ட மோர், மாற்றுச் சட்டை. பந்தியில் முதல் இலையிலேயே இரண்டாவது கேமராப் பையனை உட்கார வையுங்கள். அவன் எழுந்து வந்ததும் நீங்கள் போங்கள். தேனிப் பக்கம் ஆனியிலேயே காற்று எடுத்துவிடும், லைட் ஸ்டாண்டுக்கு மணல் பை கட்டாமல் குடையை விரிக்காதீர்கள்.

ஆனி கடைசி முகூர்த்தம் முடிந்த மறுநாள் கேமராக்களைச் சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு நோட்டை எடுத்து உட்காருவேன். அந்தப் பருவத்தில் எடுத்த கல்யாணங்களின் பெண் வீட்டு எண்கள் வரிசையாக இருக்கும். புதுப்பெண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள்; அத்தை, சித்தி எல்லாரும் கூடியிருக்க, ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க அதைவிட வாகான மாசம் இல்லை. போன மாசம் மாப்பிள்ளை வீட்டில் வாய் திறக்காத பெண், பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “இது வேணாம்க்கா, அது வேணும்” என்று தானே சொல்லும். முதல் எண்ணைப் போட்டு, “அம்மா, பாப்பாவ என்னைக்குக் கூட்டியார்றீங்க? லேப்டாப்ப எடுத்துக்கிட்டு வர்றேன்” என்று கேட்பேன்.